பதினாலாம் நெம்பர்

திருச்செங்கோட்டில் கடல் கிடையாது.
ரிக் லாரி உண்டு.
கடலுக்குப் போனவன்போல
எட்டு மாசம் பத்து மாசம்
ஆளே காணாமல் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு.

அப்படியொரு ரிக் ஆபீஸில் நான் கணக்கு.
அடிக்கு எத்தனை, டீசல் எத்தனை,
கேசிங் பைப் எத்தனை.
அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து
தலைகீழாய் ஓடும் இன்னொரு கணக்கு:
கப்பல் கத்திகள், முப்பத்தேழு.

முதலாவது பொங்கியண்ணன் கொண்டுவந்தது.
குஜராத்தில் போர் போட்டுத் திரும்புகையில்
கப்பல் உடைக்கிற ஊர்ப் பழைய இரும்புக் கடையில் எடுத்தானாம்.
"நூத்தியெம்பது ரூபாய்ங்க்கா, வேண்டாட்டி நானே வெச்சுக்கறன்."
ஒரு பக்கம் முனை மழுங்கிய பட்டைக் கத்தி.
கப்பல் ஆடும்போது தன்னையே குத்திக்கொள்ளாமலிருக்க
மழுக்கிவிடுவார்களாம்.
முதுகுப் பக்கம் மடங்கிக் கிடந்தது ஒரு முள்,
பிடியருகே சுண்டுவிரல் தடிமன்,
நுனிக்குப் போகப்போக மெலிசு.

கத்தி அறுக்க.
முள் அவிழ்க்க.
ஈரத்தில் இறுகிய முடிச்சின் வயிற்றில் நுழைந்து
கொஞ்சம் தள்ளி உட்கார் என்று
கயிற்றிடம் கேட்கிற இரும்பு.
மலைமேல் பாதியும் பாதியுமாய் நிற்கிறவரை
பஸ் ஜன்னலில் தினம் கும்பிடுகிறவளுக்கு
ஓருடம்பில் இரண்டு பேர் புதிதில்லைதான்.
ஆனாலும் அன்று ராத்திரி
முள்ளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தூத்துக்குடி, விசாகப்பட்டினம்.
ஒன்பதுக்கு முள் பாதி ஒடிந்தது.
இருபத்திரண்டின் பிடியில் யாரோ கீறிய பெயர்,
இந்த ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து.
முப்பது போலி. இரண்டாயிரத்து இருநூறு.
அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.
அவருக்கு எல்லாமே
வெங்காயம் நறுக்க ஆகாத கத்தி.

எல்லாப் பிடிக்கும் கடைசியில் ஒரு வளையம்.
கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ள.
கை தவறினால் கடல் திருப்பித் தராது.
நான் எதற்கும் கயிறு கட்டியதில்லை.
இங்கே எங்கே விழுந்துவிடப் போகிறது?
போனால் மேசைக்கு அடியில்.

போன சித்திரையில் குமாரமங்கலத்துக்கு
பாக்கி வசூலிக்கப் போனேன்.
கோழிப்பண்ணைக்காரர் தோட்டத்தில்
எங்கள் ஆட்கள் மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.
குழாயைக் கிளாம்பில் நிறுத்தியிருந்தது.
நைலான் கயிற்றில் எவனோ எப்போதோ போட்ட முடிச்சு
ராட்டினத்தில் ஏற மாட்டேன் என்றது.
"அறுத்துருங் தம்பி."
"அறுத்தாக் கவுறு பத்தாதுங்."

கைப்பையில் பதினாலு இருந்தது,
கீல் இறுகிவிட்டதென்று எண்ணெய் போட எடுத்துவந்தது.
எல்லோரும் விலகி நின்றார்கள்.
முதல் சுற்று அசையவில்லை.
இரண்டாவது கிறீச்சென்றது.
மூன்றாவது சட்டென்று விட்டுக்கொடுத்தது,
சண்டை எதற்கென்றே மறந்துபோனவர்போல.

மோட்டார் மேலே வந்தது.
குழாயில் மிச்சமிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்து
பண்ணைக்காரர் துப்பினார்:
"உப்புங். கடத்தண்ணியாட்ட இருக்குது."
சிரித்தோம். என் கை ஈரம்.

ஆறரை இஞ்ச் குழி.
அவ்வளவு பெரிய தோட்டத்தில்
விழ வேறு இடமே இல்லாத மாதிரி.
ணங். ணங்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
பொங்கியண்ணன் குப்புறப்படுத்துக் காதை வைத்தான்.
"தண்ணிக்குப் போயிருச்சுங்க்கா."

பெயர் தெரியாத ஒருவன்
எத்தனையோ புயலில் விடாமல் பிடித்திருந்ததை
இலைகூட அசையாத மத்தியானத்தில்
குமாரமங்கலத்தில் நான் விட்டேன்.

பாக்கி பதினோராயிரத்து நானூறு வசூல்.
ராத்திரி நோட்டைத் திருப்பினேன்.
பதினாலை அடிக்க மனசில்லை.
ஸ்கேல் வைத்துப் புதிதாய் ஒரு கட்டம் இழுத்து
ஆழம் என்று தலைப்பிட்டு
தொள்ளாயிரத்து நாற்பது அடி என்று எழுதினேன்.
மற்ற முப்பத்தாறுக்கும் அந்தக் கட்டம் காலி.

வளையங்களுக்கு
இன்னும் கயிறு கட்டவில்லை.